மேலேறி வரும் சிவப்புப் புள்ளி

லேத்துப் பட்டறையின் மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அவருக்குக் கீழே இருப்பவர்கள் வைத்த பெயர் டிகிரி சார். எதையும் கோணத்தில்தான் சொல்வார். கதவை இன்னும் முப்பது டிகிரி திற என்பார். கழுத்து சுளுக்கிக்கொண்டால் பதினைந்து டிகிரிக்கு மேல் திரும்ப மாட்டேன் என்கிறது என்பார். மனைவி இருந்தவரை அதற்குப் பதிலடி கொடுக்க ஆள் இருந்தது. "உங்க வாய் மட்டும் முந்நூத்தி அறுபதும் சுத்தும்" என்பாள். அவள் போனபிறகு அவர் பேச்சு குறைந்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது.

கணினியில் வரைந்த ஒரு பாகத்தை எப்படிக் கடைய வேண்டும், எங்கே துளைக்க வேண்டும் என்று மென்பொருள் ஒரு பாதை போட்டுத் தரும். அந்தப் பாதையைக் கீழே நிற்கும் சிஎன்சி லேத்துக்குப் புரிகிற வரிகளாக மாற்ற நடுவில் ஒரு நிரல் வேண்டும். அதைப் போஸ்ட் என்பார்கள். அந்தப் பட்டறையின் போஸ்ட் அவர் எழுதியது.

கடையும்போது லேத்தின் சக் தன் இரும்புத் தாடைகளால் வேலைத்துண்டைக் கவ்விக்கொண்டு கண்மண் தெரியாமல் சுழலும். துளை போடும்போது கதை தலைகீழ். சக் ஒரு கோணத்துக்குத் திரும்பி, பிரேக் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும். கருவிதான் சுழன்று துளைக்கும். அப்படித் திரும்புவது எந்தப் பக்கமாக என்பதைப் போஸ்ட் சொல்ல வேண்டும். பத்து டிகிரியில் நிற்கும் சக் முந்நூற்று ஐம்பதுக்குப் போக வேண்டுமென்றால் பின்னால் இருபது டிகிரி நகர்ந்தால் போதும். அவருடைய போஸ்ட் அதைச் செய்ய விடாது. பின்னால் என்பதே அதற்குக் கிடையாது. முன்பக்கமாகவே ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்க வைக்கும்.

இத்தனை நாள் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. வந்த பாகங்களில் துளைகள் வரிசையாக இருந்தன. சக் எப்படியும் முன்னால்தான் போக வேண்டியிருந்தது. இப்போது வந்திருக்கும் புதிய பாகத்தில் துளைகள் முன்னும் பின்னுமாக மாறி மாறிப் போட வேண்டியவை. ஒவ்வொரு பின் நகர்வுக்கும் சக் ஒரு முழுச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது. மாதிரியைக் கொடுத்த கம்பெனி, ஒரு பாகத்துக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டது.

பட்டறை அவருடைய மனைவியின் தம்பிக்குச் சொந்தம். காலையில் இரண்டு தேநீர்க் குவளைகளோடு மாடிக்கு வந்தான். உட்காரவில்லை.

"மாமா, கீழ வந்து பாருங்க. ஆபரேட்டர் சிரிக்கிறான். வழி தெரியாத டிரைவர் மாதிரி ஊரெல்லாம் சுத்திட்டு பக்கத்து வீட்டுக்கு வருதாம் சக்கு."

"அவனுக்கென்ன, சிரிக்கச் சம்பளம் வாங்குறான்."

"அவன் சிரிச்சா பரவாயில்ல மாமா. கம்பெனிக்காரங்களும் சிரிச்சுட்டுப் போயிட்டா? இந்த வேலை இல்லேன்னா அந்த மிஷின ஓட்டுறதுக்கு வேற ஒண்ணும் கையில இல்ல. உங்களுக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும். இருந்தும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. நிரலில் அந்த வரிக்கு மேலேயே குறிப்பாக எழுதியும் வைத்திருந்தார்.

"பல்சக்கரத்துல இடைவெளி இருக்கும். ரெண்டு பக்கமும் மாறி மாறித் திருப்பினா கோணம் பிசகும். ஒரே பக்கமா வந்து நின்னாத்தான் துளை சரியா விழும்."

மைத்துனன் குவளையின் விளிம்பைத் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தான்.

"அது பழைய மிஷினுக்கு மாமா. இதுல பல்சக்கரமே இல்லையே. மோட்டார் நேரா சக்கோட தண்டுலயே உக்காந்திருக்கு. சரி, வாங்க, அளந்தே பாத்துடலாம்."

இருவரும் இறங்கினார்கள். ஆபரேட்டர் வாயைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து நின்றான். அகலமான தோள்களும் பெரிய குரலும் உள்ள ஆள். லேத்தின் கண்ணாடிக் கதவை முழுக்க மறைத்துக்கொண்டுதான் நிற்பான். அவர் மனைவி இந்த லேத்தை ஓட்டிய நாளில் அப்படியில்லை. கதவின் இடது மூலையில், கண்ட்ரோல் பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் நிற்பாள்.

மைத்துனன் அலமாரியைத் திறந்து நுண்ணிய பிசகையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை மாட்டும் காந்த ஸ்டாண்டை எடுத்தான். அதன் கம்பி நுனியில் காய்ந்த பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன பசை? எவன்டா இதுல எதையோ ஒட்டினவன்?" என்றான் மைத்துனன் ஆபரேட்டரிடம்.

"நான் இல்ல சார். என்னைப் பாத்தா ஒட்டுற ஆள் மாதிரியா இருக்கு?"

மைத்துனன் நகத்தால் பசையைச் சுரண்டி எடுத்துத் தரையில் தட்டினான்.

ஒருமுறை முன்பக்கமாகச் சுற்றிவந்து நிறுத்தினார்கள். ஒருமுறை பின்பக்கமாக. மறுபடி, மறுபடி. டயல் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. அது கொஞ்சமாவது அசையட்டும் என்று அவர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். அளவு பிசக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டார். முள் கல் மாதிரி நின்றது.

"பாத்தீங்களா மாமா" என்றான் மைத்துனன். ஜெயித்தவனின் குரல் இல்லை அது.

மாடிக்குத் திரும்பி வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு வரிதான். அதை எடுத்துவிட்டால் குறுக்கு வழி எதுவோ அந்தப் பக்கமாகச் சக் தானே போய்விடும்.

பல்சக்கரம், இடைவெளி எல்லாம் பின்னால் சேர்த்த காரணம். அந்த வரி அவளுக்காக எழுதப்பட்டது. இந்த லேத்து வந்த அன்றைக்கு அவள்தான் முதலில் ஓட்டினாள். ஓட்டுவதற்கு முன் பையிலிருந்து நகச்சாயத்தை எடுத்துச் சக்கின் ஒரு தாடையில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள். அவர் கேலி செய்தார்.

"மிஷினுக்கு நகம் இருக்கா?"

"நீங்க மேல உக்காந்து நம்பரைத் தட்டிவிட்டுட்டுப் போயிடுவீங்க. கீழ நிக்கிறவளுக்குச் சக்கு எங்க நிக்குதுன்னு தெரிய வேணாமா? புள்ளி கீழேருந்து என் பக்கமா மேல ஏறி வந்தா கண்ணுக்குத் தெரியுது. அந்தப் பக்கம் சுத்தினா கருவிக்குப் பின்னால போய் மறைஞ்சுடுது. எனக்கு வர்றது தெரியணும்ங்க. தெரியாம பக்கத்துல வந்து நின்னா நெஞ்சு பதறுது."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"எப்பவும் என் பக்கமாவே வரச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தானே அது கேக்கும். நான் சொன்னா நீங்களே கேக்க மாட்டீங்க."

அன்று சாயங்காலமே அந்த வரியை எழுதிவிட்டார். அடுத்த நாள் புள்ளி ஒவ்வொரு தடவையும் அவள் பக்கமாகவே ஏறி வந்தது. அவள் மாடியை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். நன்றி சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. அதுதான் அவள் கணக்கில் அதிகபட்சம்.

பிறகு அவள் நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது படுக்கையின் தலைமாடு வாசலைப் பார்த்து இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அவள் தலைக்குப் பின்னாலிருந்து வந்தார்கள். ஊசி போடுகிறவர்கள், இரத்தம் எடுக்கிறவர்கள், தட்டு எடுக்கிறவர்கள். ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டாள்.

"கட்டிலைக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்களேன்" என்றாள்.

அவர் கேட்டார். ஆக்சிஜன் குழாய் சுவரில் இந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவு தூரம் எட்டாது என்றார்கள். மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னார்கள். நூற்றெண்பது டிகிரி. சக்கு என்றால் இமைப்பதற்குள் திருப்பியிருப்பார். கடைசியில் பட்டறையிலிருந்து காந்த ஸ்டாண்டை எடுத்துப்போய்க் கட்டில் கம்பியில் ஒட்டவைத்து, அதன் நுனியில் அவளுடைய கைக்கண்ணாடியைப் பசை போட்டு மாட்டினார். வாசல் அதில் சின்னதாகத் தெரிந்தது. அவள் சிரித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கே டயல் செட் பண்ணிட்டீங்க."

ஒருநாள் காலையில் அவர் போனபோது ஸ்டாண்டு ஜன்னல் திட்டில் இருந்தது, கண்ணாடி சுவரைப் பார்த்தபடி. துடைக்க வந்தவர்கள் எடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். அவள் கண் திறந்தே இருந்தது. எதிர்ச்சுவரைப் பார்த்திருந்தது. அவர் தலைக்குப் பின்னாலிருந்துதான் வந்தார். அவள் திடுக்கிடவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மைத்துனன் மறுபடி வந்திருந்தான்.

"மாமா, வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க. பல்சக்கரத்துக்காக நீங்க இவ்வளவு மல்லுக்கட்ட மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்களை."

சொன்னார். புள்ளியை, இடுக்கில் அவள் நிற்பதை, வருவது தெரிய வேண்டும் என்று அவள் கேட்டதை. கட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவனுக்கும் தெரியும், அவனும் கேட்டுப் பார்த்தவன்தான்.

மைத்துனன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா இப்ப அங்க நிக்கலையே மாமா" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வேலை போனால் போகட்டும், இருக்கட்டும் விடுங்க என்று சொல்லியிருந்தாலும் அவரால் தாங்கியிருக்க முடியாது. அவன் சொன்னது வெறும் உண்மை. டயல் முள் மாதிரி, அசைக்க வழியில்லாதது.

அந்த வரியை அழித்தார். அதற்கு மேலே இருந்த பல்சக்கரக் குறிப்பையும் அழித்தார். நிரலை மறுபடி உருவாக்கிக் கீழே அனுப்பிவிட்டு, இறங்கிப் போனார்.

ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினான். பிரேக் புஸ்ஸென்று காற்றை விட்டது. சக் திரும்பியது, நின்றது, கருவி உள்ளே போய் வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. எங்கேயும் அலையாமல் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று நறுக்காகத் திரும்பியது. நல்ல வேலை. யார் பார்த்தாலும் நல்ல வேலை என்பார்கள்.

"இப்பதான் சார் இதுக்கு வழி தெரிஞ்சிருக்கு" என்றான் ஆபரேட்டர்.

அவர் கதவின் இடது மூலைக்குப் போய் அந்த இடுக்கில் நுழைந்து நின்றார். அவருடைய உடம்புக்கு இடம் போதவில்லை. கண்ட்ரோல் பலகையின் விளிம்பு விலாவில் அழுத்தியது. இரும்புச் சுருள்கள் உரசி உரசி நகச்சாயம் பாதி போயிருந்தது. மீதிப் புள்ளி கண்ணுக்கு நேராக வந்து நின்றது. கடைசித் துளைக்காகப் பிரேக் விட்டது. புள்ளி அவரை விட்டு விலகி, கீழே இறங்கி, கருவிக்குப் பின்னால் போய் மறைந்தது.

அது கீழிருந்து ஏறி வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றார். வராது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"டிகிரி சார், ஏன் அங்க போய் நெருக்கிட்டு நிக்கிறீங்க" என்றான் ஆபரேட்டர், தன் அகலத் தோளை நகர்த்தி இடம் விட்டபடி. "இந்தப் பக்கம் வாங்க. அங்கேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

"ஆமா" என்றார். நகரவில்லை.