நெஞ்சில் ஒரே கிள்ளு

சிங்கப்பூர்த் தீவில் இன்றுவரை ஓர் உயிரைக்கூடக் கொல்லாத ஒரே மனிதன் தான்தான் என்று, போன மாதம் கல்லூரி விவாத மேடையில் அரங்கன் அறிவித்திருந்தான். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. இப்போது அவன் அப்பாவின் தாடையைத் துணியால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் இறுக்குடா. வெறைச்சிடுச்சுன்னா வாய் தொறந்தே நிக்கும்," என்றாள் பூவம்மா அத்தை.

வாய் என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. கதண்டுக் குளவிகள் உதட்டையும் கண்ணையும் ஒரே வீக்கமாக்கியிருந்தன. கழுத்தில் மட்டும் பதினேழு கொட்டு. அதற்கு மேல், தேக்காவிலிருந்து வந்த டாக்டர் எண்ணவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்பா மாணிக்கத்துக்கு வாரத்தில் ஆறு நாள் சாக்கடைகளில் கொசு எண்ணெய் ஊற்றும் வேலை. ஏழாம் நாள் புக்கிட் பாஞ்சாங் காட்டில் பட்டாம்பூச்சி பிடிப்பார். இந்த மனிதருக்குக் கொலையில் ஓய்வே கிடையாது என்று அரங்கன் நண்பர்களிடம் சொல்வான். பிடித்ததைப் பலகையில் விரித்து, ஊசி குத்தி, கீழே ஒரு சீட்டு வைப்பார்: ஊர், தேதி, பிடித்தவர் பெயர். சீட்டு இல்லாத பூச்சி வெறும் பொணம் என்பது அவர் சித்தாந்தம்.

"வலிக்காதுடா. நெஞ்சுல ஒரே கிள்ளு, பூச்சி போயிடும்," என்றார் அப்பா, கடைசிச் சண்டையில்.

"வலிக்கலன்னு பூச்சி கடுதாசி போட்டுச்சாப்பா?"

"கொசுவக் கொன்ன சம்பளத்துலதான் நீ காலேஜ் போற. அதுக்கு மட்டும் அழ மாட்டேங்கிற. கொசு அழகா இல்லன்னா?"

அரங்கன் குரலை உயர்த்தினான். "நீங்க போன மறுநாளே இந்தப் பெட்டியெல்லாம் குப்பைக்குத்தான். அதுக்குள்ள ஒருநாள் அதுங்க எல்லாம் சேந்து உங்களக் குத்தும், பாருங்க!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அது வெள்ளிக்கிழமை. இன்று ஞாயிறு.

அப்பாவோடு எண்ணெய் ஊற்றும் சேக் தாவூதுதான் இன்று காட்டுக்குக் கூடப் போயிருந்தவர். ஒரு கண் வீங்கி மூடிப்போயிருக்க, வாசலில் நின்று மூன்றாம் முறையாகச் சொன்னார். "வலைக் கம்பு கதண்டுக் கூட்டுல பட்டுடுச்சு. பூச்சி போட்டிருந்த போத்தலப் போட்டுட்டு மூஞ்சிய மூடுங்கண்ணேன்னு கத்துனேன். கேக்கல லா. ரெண்டு கையாலயும் போத்தல அணைச்சுக்கிட்டே ஓடுறாரு."

சொல்லிவிட்டு அந்த ஜாம் போத்தலைத் தரையில் வைத்தார்.

அப்பாவின் சட்டையைக் கழற்றியபோது மடிப்பிலிருந்து ஒரு கதண்டு தத்தித் தத்தித் தரைக்கு வந்தது. அம்மா அன்னம்மா அதுவரை அழவில்லை. செருப்பை எடுத்தாள். முதல் அடியிலேயே அது செத்துவிட்டது. அம்மா நிறுத்தவில்லை. கதண்டு வெறும் கறையான பிறகும் அடித்தாள். வார் அறுந்து செருப்பு பறந்தது. வெறுங்கையால் அடித்தாள். சிமெண்டில் ரத்தம் தெரிந்தது. அது கதண்டின் ரத்தம் இல்லை. அத்தை ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

அரங்கன் தடுக்கவில்லை. இன்னும் அடி, இன்னும் அடி என்று அவன் உதடு அசைந்ததை யாரும் பார்க்கவில்லை.

"அந்தப் போத்தலயும் தூக்கிக் கடாசு! மனுசன முழுங்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கு," என்றாள் அத்தை.

சும்மா இல்லை. உள்ளே ஒரு நீலச் சிறகு கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. மூடி நசுங்கி, பூச்சியைக் கொல்லப் பஞ்சில் ஊற்றியிருந்த மருந்து பாதி ஆவியாகியிருந்தது. மீதி மருந்துக்குக் கொல்லும் தெம்பு இல்லை.

அரங்கன் அதைப் பின்கட்டுக்கு எடுத்துப்போய், சன்னலோரம் மூடியைத் திருகித் திறந்தான். "போ," என்றான். போகவில்லை. கவிழ்த்தான். பட்டாம்பூச்சி சன்னல் கட்டையில் விழுந்தது. ஒரு சிறகு அடிவரை கிழிந்திருந்தது. மற்றதை அடித்துக்கொண்டு, விழுந்த இடத்திலேயே சுற்றியது. ஓர் எறும்பு வந்தது. பிறகு நாலைந்து.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதன் நெஞ்சின் இருபுறமும் வைத்தான். ஒரே கிள்ளு. மிளகு உடைகிற சத்தம்தான்.

பிறகு அப்பாவின் பலகையை இறக்கினான். விறைப்பதற்குள் விரிக்க வேண்டும். கிழிந்த சிறகையும் விடாமல் விரித்து, காகிதப் பட்டை வைத்து ஊசி குத்தினான். சீட்டில் எழுதினான்: புக்கிட் பாஞ்சாங். 21-5-1961. பிடித்தவர்: மாணிக்கம்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச? கால் கட்டணும், வா!" என்று கத்தினாள் அத்தை.

அப்பாவின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். வெள்ளைத் துணியில், அவன் கைவிரல் பட்ட இடத்தில் மட்டும், லேசாக நீலப் பொடி.