வாழ்த்து நேரம்

ஆர்னெல் எழுந்தான். பழைய சோற்றைப் பூண்டு போட்டு வதக்கினான். கருவாடு பொரித்தான். சேவலுக்கு மக்காச்சோளம் போட்டான். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனான்.

மனைவி மெர்லிண்டாவை வானொலி நிலைய வாசலில் யாரோ சுட்டுக் கொன்று சில மாதங்கள் ஆகியிருந்தன. இன்றைய மனு அவளுக்காக அல்ல. அவளோடு வேலை பார்த்து, அவள் விட்ட காலை நிகழ்ச்சியை இப்போது நடத்தும் ஜெசிபெல்லுக்காக. மேயரின் ஆட்கள் அவளை நெருங்கக் கூடாது, வெளி மாகாணப் போலீஸ் காவல் நிற்க வேண்டும். உத்தரவு கிடைக்காவிட்டால் அவள் மைக்கை விட வேண்டும், இல்லை அதே வாசலில் விழ வேண்டும்.

"மூஞ்சியத் தொங்கப்போடாதீங்கண்ணே. இன்னிக்கி நாமதான் ஜெயிக்கிறோம்" என்றாள் ஜெசிபெல். "சட்டை கல்யாணத்துக்குப் போட்டதா?"

"ஆமா."

"அப்ப கொஞ்சம் சிரிக்கலாம்."

ஆர்னெல் சாட்சிக் கூண்டில் ஏறினான். மேயரின் வக்கீல் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். "உங்க பொண்டாட்டிய மிரட்டினாங்கன்னா போலீஸ்ல ஒரு புகார்கூடவா இல்ல?"

"போலீஸ் அதிகாரி மேயர் பையனுக்கு ஞானத்தகப்பன். அங்க போயி யாரைப் பத்தி எழுதறது?"

மெர்லிண்டா வேறு வழி வைத்திருந்தாள். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் நேரத்தில், வந்த மிரட்டலையும் வாழ்த்தோடு வாழ்த்தாக வாசித்துவிடுவாள். விளம்பரம் ஓடியதற்குச் சான்றாக நிலையம் எல்லா ஒலிப்பதிவையும் வைத்திருந்தது. மணிலாவிலிருந்து வந்திருந்த ஜெசிபெல்லின் வக்கீல் ஒன்றை ஓடவிட்டார்.

"மீன் சந்தை தோரிபியோ அண்ணனுக்கு அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்து. எனக்குச் சவப்பெட்டி அனுப்புறேன்னு சேதி போட்ட அண்ணனுக்கும் வாழ்த்து. வெள்ளையா அனுப்புங்க, கறுப்பு எனக்கு எடுக்காது. உங்க நம்பரைச் சொல்றேன், ஊரே எழுதிக்கட்டும்."

நீதிபதி அம்மாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

மேயரின் வக்கீல் விடவில்லை. "இப்படிக் கிண்டல் பண்றவங்களுக்கு எங்க பயம்? சரி, அவங்களத்தான் மிரட்டினாங்க. இந்தப் பொண்ணை யாரு மிரட்டினது? கடைசியா உங்க பொண்டாட்டி என்னதான் சொன்னாங்க?"

அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆர்னெல் நிமிர்ந்தான். உத்தரவு கையில் வந்த மாதிரிதான். துக்கத்துக்கு வந்தவர்கள் சத்தியம், நாடு என்று பெரிய வசனங்களை அவள் வாயில் வைத்திருந்தார்கள். சுடப்பட்ட அன்று காலை போனில் வந்த குரலைக் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னது வேறு. அதை அப்படியே சொன்னான்.

"என்னையும் ஜெசிபெல்லையும் முடிச்சிடுவானாம். அவளை இன்னிக்கி வர வேணாம்னு சொல்லிடு. பாவம், பயந்துக்கும். எனக்குத் தொண்டை கட்டியிருக்கு, நிகழ்ச்சி இல்லன்னு சொல்லு."