எத்தனை சக்கரம்?

தொலைபேசி மணி அடித்தபோது வெர்னா மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். பேசியது ரயில் யார்டு அலுவலகத்துப் புதுக் குமாஸ்தாப் பெண். வெளியூர்க்காரி, வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

"மிசஸ் கோபெக்கிங்களா? உங்க வீட்டுக்காரர் தரையில இருக்காருங்க. உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

"எத்தனை சக்கரம்?" என்றாள் வெர்னா.

"எனக்குத் தெரியலைங்க. எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க."

"நிக்கத்தான் செய்வானுங்க, வேலை மெனக்கெட்டவனுங்க. சாயங்காலம் கேக் வந்து சேரும்னு சொல்லும்மா." சிரித்தபடி போனை வைத்தாள்.

வாடெல் ஊரில் தரை என்றால் வெறும் தரை அல்ல. நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவின் அயோவா மாநிலச் சோளக்காட்டுக்கு நடுவே முதலில் தண்டவாளம் வந்தது. பிறகு எஞ்சினுக்குத் தண்ணீர்த் தொட்டி, அதற்கும் பிறகுதான் ஊர். தெருக்களைத் திசை பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துப் போட்டதால் ஒவ்வொரு வீடும் சூரியனுக்குக் கோணலாக நிற்கும். பேச்சும் அப்படித்தான். சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கினால் எஞ்சின் ஓட்டியவன் 'தரையில் இருக்கிறான்' என்பார்கள். யார்டுக்குள் மாதம் இரண்டு தடவையாவது நடக்கிற சங்கதி இது. உயிருக்கு ஒன்றும் ஆகாது, மானம்தான் போகும். எஞ்சினைத் தூக்கி வைக்கும் ஆட்களுக்கு ஓட்டியவனின் மனைவி ஆப்பிள் கேக் அனுப்ப வேண்டும் என்பது எழுதாத சட்டம். முப்பத்தொரு வருடமாக எஞ்சின் ஓட்டும் கணவர் எம்மெட்டுக்காக வெர்னா ஒரு கேக்கும் சுட்டதில்லை. அந்தப் பெருமையை அவர் மதுக்கடை மதுக்கடையாகச் சொல்லித் திரிந்தவர்.

அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த நாத்தனார் இர்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணனோட பவுசு சந்தி சிரிச்சுப்போச்சா! அண்ணி, மாவை எடுங்க. நான் ஆப்பிள் நறுக்குறேன்."

"சர்க்கரையைக் குறைச்சுப் போடு. அவர் பண்ணின காரியத்துக்கு இனிப்பு ஒரு கேடா?"

இருவரும் சிரித்துச் சிரித்து மாவைப் பிசைந்தார்கள். கேக்கை அடுப்புக்குள் தள்ளிக் கதவை மூடியபோதுதான் வெர்னாவின் கை நின்றது.

"இர்மா, சங்கு ஊதுச்சா?"

சக்கரம் இறங்கினால் தூக்குகிற ஆட்களைக் கூப்பிடப் பட்டறைச் சங்கு மூன்று தடவை ஊதும். ஊர் முழுக்கக் கேட்கும்.

"இல்லையே," என்றாள் இர்மா. அவள் முகத்திலும் சிரிப்பு போய்விட்டது.

சுற்றி நிற்கிறார்கள் என்றாளே அந்தப் பெண். எஞ்சின் இறங்கினால் யார் சுற்றி நிற்பார்கள்? கட்டையும் ஜாக்கியும் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டல்லவா இருப்பார்கள்! காலையில் எம்மெட் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனது இப்போதுதான் வெர்னாவுக்கு நினைவில் வந்து குத்தியது. அலுவலகத்துக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். அப்போதும் கிடைக்கவில்லை.

"அந்தப் பொண்ணு பாவம், நிஜமாவே தரையைச் சொல்லியிருக்கா," என்றாள். "நான் சக்கரம் எத்தனைன்னு கேட்டேன்டி. கேட்டுட்டுச் சிரிச்சேன்."

"அண்ணி, அப்படியெல்லாம் இருக்காது."

"இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. இருபத்தஞ்சு நிமிஷம் கேக் பண்ணிட்டிருந்திருக்கேன்!"

கோட்டுகூட எடுக்காமல் ஓடினாள். காரை எம்மெட் எடுத்துப் போயிருந்தார். நான்கு தெருதான், ஆனால் ஐம்பத்தைந்து வயதுக் கால்களுக்கு நான்கு தெருவும் நாற்பது மைலாக நீண்டது. பிரார்த்தனைகூடச் சரியாக வரவில்லை. 'கர்த்தாவே, கர்த்தாவே' என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

நான்காவது தெருவின் ரயில் கடவில் கேட் விழுந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நூறு பெட்டிக்குக் குறையாத தானிய ரயில் ஒன்று அசையாமல் நின்றது. யார்டு அதற்கும் அப்பால். ஊரைக் கொண்டுவந்த அதே ரயில்தான் ஊரை இரண்டாக அறுத்தும் போட்டிருக்கிறது. மேம்பாலம் வரும் என்று நாற்பது வருடமாகச் சொல்கிறார்கள்.

இரண்டு பெட்டிகளுக்கு இடையிலிருந்த சந்தில் வெர்னா குனிந்து பார்த்தாள். யார்டு அலுவலகத்துக்கு எதிரே ஆட்கள் வட்டமாக நின்றார்கள். எல்லோரும் முதுகைக் காட்டியபடி, தலை குனிந்தபடி. வட்டத்துக்கு நடுவே ஒரு பூட்ஸ் கால் தெரிந்தது.

"எம்மெட்!" என்று கத்தினாள். யாரும் திரும்பவில்லை. கேட்டுக்கு அடியில் நுழைந்து, பெட்டியின் இரும்புப் படியில் கால் வைத்தாள்.

"அண்ணி, வேண்டாம்! வண்டி எப்ப இழுக்கும்னு தெரியாது!" பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த இர்மா அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள்.

"விடுடி. அவர் அங்க தனியா கிடக்கார்."

மேற்கே, வெகு தொலைவில், முதல் கொக்கி இழுபட்டு இறுகும் சத்தம் கேட்டது. டணார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. சத்தம் பெட்டி பெட்டியாக அவர்களை நோக்கி ஓடி வந்தது. இர்மா அவளை இழுத்துக்கொண்டு மண்ணில் விழுந்தாள். படி ஒரு உலுக்கு உலுக்கி நகர்ந்து போனது.

ரயில் மெல்ல, மிக மெல்ல உருண்டது. வெர்னா முழங்காலிட்டபடியே பார்த்தாள். ஒவ்வொரு சந்தும் வந்து ஒரு நொடி காட்டிவிட்டுப் போனது. ஒருவன் மண்டியிட்டிருந்தான். சந்து மறைந்தது. இன்னொருவன் அலுவலகத்தை நோக்கிப் போனான்; ஓடவில்லை, நடந்தான். சந்து மறைந்தது. அடுத்த சந்தில், மண்டியிட்டிருந்தவன் தன் கோட்டைக் கழற்றி இரண்டு கையிலும் விரித்துப் பிடித்திருந்தான். அதைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைக்கப் போகிறானா, முகத்தின் மேல் போடப் போகிறானா என்று தெரிவதற்குள் அடுத்த பெட்டி வந்து மறைத்தது.