கடைசியாகப் பேசுகிறவள்

இவள் இதையும் ஆடுவாள். சீட்டில் மூன்றும் பத்தும் கொடுத்தாலும் ஆடுவாள். இரண்டு மளிகைக்கடை ரசீதைக் கொடுத்தாலும் உள்ளங்கைக்குள் மறைத்துப் பார்த்துவிட்டு ஆடுவாள்.

"ரெண்டும் சிவப்பு லா," என்றாள் லொரைன். "நான் இருக்கேன்."

இரண்டு பிளாஸ்டிக் வில்லைகளை மேசை நடுவில் தள்ளினாள். ஆனி நாத்தனாரைப் பார்த்துத் தலையசைத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமலிருப்பது அவளுக்குப் பழகியிருந்தது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினோரு வருடம் ஆகிறது.

செங்காங்கில் மாமனார் மரியஅந்தோணியின் வீட்டில் மாதத்தின் முதல் ஞாயிறு இப்படித்தான் போகும். பூசை, பிறகு பிரியாணி, பிறகு நாலு மணிவரை போக்கர். காசு கிடையாது. காசு வைத்து ஆடுவது பாவம் என்பார் மாமனார். ஆனால் ஒரு பந்தயம் உண்டு. ஆட்டம் முடியும்போது யாரிடம் வில்லை குறைவோ அவர்தான் பாத்திரம் கழுவ வேண்டும், பிரியாணிச் சட்டி உட்பட. மூன்று வருடத்துக்கு முன் ஆனியின் கணவன் ஜெரார்ட் வேடிக்கையாகச் சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது. அதற்கு முன் எட்டு வருடம் ஆனிதான் கழுவினாள். யாரும் கழுவச் சொன்னதில்லை. யாரும் நாற்காலியை விட்டு எழுந்ததுமில்லை.

இந்த மூன்று வருடத்தில் அவள் ஒரு தட்டுக்கூடக் கழுவவில்லை. அதற்குக் காரணம் அதிர்ஷ்டம் என்று இவர்கள் நம்புகிறார்கள். மாமனார் ஒருமுறை, "ஆனிம்மாவுக்கு அந்தோணியார் துணை," என்றார்.

அவளுக்குத் துணை அவள் உட்காரும் இடம். சீட்டு போடுகிறவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதலில் முடிவு சொல்ல வேண்டும், போடுகிறவர் கடைசியில். மற்ற இடங்களில் சீட்டு போடும் முறை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கைமாறும். இந்த வீட்டில் மாறாது. கலைப்பதும் போடுவதும் இவர்களுக்கு வேலை. வேலை என்றால் ஆனி. ஆக மூன்று வருடமாக, ஒவ்வொரு ஆட்டத்திலும், மற்ற நாலு பேர் செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வாய் திறக்கிறாள். சாப்பாட்டு மேசையில் ஒருநாளும் கிடைக்காத சலுகை அது. கொடுத்தவர்களுக்கே தெரியாது.

நல்ல சீட்டு இருப்பதுபோல் இவர்களை ஏமாற்றவும் தேவையில்லை. ஏமாற்றினால் பயந்து விலகுவதற்காவது கொஞ்சம் புத்தி வேண்டும். இவர்கள் லேசில் விலக மாட்டார்கள். அதனால் அவள் பொறுக்கி எடுத்து ஆடினாள். நாலு பேரும் மலிவாக உள்ளே வந்துவிட்டால் சின்ன ஜோடிகூடப் போதும். ஒரே சின்னத்தில் ஏழும் எட்டும் போதும். கையிலிருக்கும் இரண்டும் நடுவில் விழும் ஐந்து பொதுச்சீட்டோடு பொருந்தியதென்றால் நாலில் இரண்டு பேராவது கடைசிவரை வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பொருந்தாவிட்டால் இரண்டு வில்லையோடு போயிற்று. கிங்கும் ஜாக்கும் வேறுவேறு சின்னத்தில் வந்தால் கீழே வைத்துவிடுவாள். பார்க்க ராஜகளையான சீட்டு. கூட்டத்தில் ஆடினால் ஒரே ஒரு ஜோடியோடு நின்று, யாரோ ஒரு மடையனின் இரண்டு ஜோடியிடம் தோற்கும்.

இன்று லொரைனின் கணவன் எலைஜா சரியில்லை. இடப்பக்கத்தில், எப்போதும் முதலில் பேசும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், தன் சீட்டைப் பார்க்காமல் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். மேசைக்கடியில் ஃபோனில் ஏதோ வீடியோ, சத்தமில்லாமல்.

"அக்கா, நீங்க ரொம்ப ஃபோல்ட் பண்றீங்க, சீட்ட கீழ வச்சிடறீங்க," என்றான்.

"எனக்கு எங்க நல்ல சீட்டு வருது," என்றாள்.

"அண்ணிக்குப் பயம் லா," என்று லொரைன் சிரித்தாள். "பாத்திரம் கழுவற பயம்."

கலைத்துப் போட்டாள். நாலு பேரும் வழக்கம்போல உள்ளே வந்தார்கள். அவள் தன் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். கிங், ஜாக். வேறுவேறு சின்னம்.

பயமாம். இதைச் சொல்கிறவள் கையில் என்ன இருக்கும்? ரெண்டும் கறுப்பு என்பதற்காக உள்ளே வந்திருப்பாள். கீழே வைக்க நீண்ட விரல்கள் திரும்பி வந்தன. "ஆறு," என்று வில்லையை ஏற்றினாள். ஒருவரும் விலகவில்லை.

முதல் மூன்று பொதுச்சீட்டு: கிங், ஒன்பது, நாலு. அவள் மேலும் ஏற்றினாள். மற்ற மூவரும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மாமனார் மட்டும் தேநீரை உறிஞ்சியபடி கடைசிவரை கூடவே வந்தார். பிறகு கையை விரித்தார். ஒன்பதும் நாலும். இரண்டு ஜோடி.

"நான் பொறந்தது நாப்பத்தொம்பது," என்றார் சந்தோஷமாக. "இந்த நம்பர எப்படிம்மா விடறது?"

தெரியும். இந்த நம்பரை அவர் எதற்காகவும் விட்டதில்லை என்பது மூன்று வருடமாகத் தெரியும். அவளுடைய வில்லைகளில் பாதிக்கு மேல் அவர் பக்கம் போனது. இப்போது எல்லோரையும்விடக் குறைவு அவளிடம்தான்.

அவள் அவரைத் திட்டிக்கொள்ளவில்லை. அவர் எப்போதும் ஆடுவதை ஆடினார். லொரைன் சிரித்ததற்காக அந்தச் சீட்டை ஆடியவள், சிவப்பென்று ஆடுகிறவளைவிட எந்த விதத்தில் மேல்? இவர்களைக் கேவலமாக நினைப்பதில் இருந்த சுகம் அவளை அவர்கள் வரிசையிலேயே உட்காரவைத்துவிட்டது. அந்த எண்ணம் பிரியாணிச் சட்டியைவிட அதிகமாக உறுத்தியது. மணி மூன்றேகால். நேரமிருக்கிறது. இந்த இடமும் இருக்கிறது.

எலைஜா ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

"அக்கா, போன மாசம் கை வலிக்குதுன்னு சொன்னீங்கள்ல? இனிமே நான் போடறேன். நீங்க என் சீட்ல வந்து உக்காருங்க. ஃபேன் காத்தும் நல்லா வரும்."

மாதாகோயிலில் காணிக்கைத் தட்டு நீட்டுகிற முகம். கடைசியாகப் பேசும் இடத்தின் பலனை, மூன்று வருடம் மூக்குக்கு நேரே இருந்ததை, யாரோ வீடியோவில் சொன்ன பிறகு கண்டுபிடித்திருக்கிறான். அதைக் கேட்டு வாங்கக்கூட நெஞ்சில்லை. அவள் கைவலியைத் தேடி எடுத்து வந்திருக்கிறான்.

"ஐயோ, என் வீட்டுக்காரருக்கு என்ன அக்கறை பாரு," என்றாள் லொரைன். "எனக்கு ஒருநாள் துணி காயப் போட்டதில்ல."

"நல்ல ஐடியாதானே ஆனி," என்றான் ஜெரார்ட். அவனுக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. புரியாமல் தலையாட்டுவது அவன் சுபாவம். "மாறிக்கயேன். உனக்கும் ரெஸ்ட்டா இருக்கும்."

"குடும்மா, சின்னப்பிள்ள ஆசையா கேக்குது," என்றார் மாமனார். எலைஜாவுக்கு முப்பத்தெட்டு வயது.

நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். எலைஜாவின் கை ஏற்கெனவே சீட்டுக்கட்டின்மேல் பாதி வந்திருந்தது. அவள் கட்டைத் தன் பக்கம் இழுத்து, இரண்டாகப் பிரித்து, நிதானமாகக் கலைத்தாள்.

"பரவாயில்ல எலைஜா," என்றாள். "கை இப்ப நல்லாருக்கு. நானே போடறேன்."

முதல் சீட்டை அவனுக்கு முன்னால் வைத்தாள்.