மூன்றாம் அறை

சாலைக்கு அடியில் மழைத்தண்ணீரைத் தெளிய வைக்கும் தொட்டி ஒன்று இருப்பதே அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அன்று காலை எல்லோரும் அதைச் சுற்றி நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மழையில் தொட்டி அடைத்துக்கொண்டு லைன் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

தொட்டியைத் தூர்வாருகிறவன் சுடலை.

“நீங்க ஒழுங்கா அள்ளியிருந்தா இப்படி ஆகுமுங்களா? காரணம் தெரியலீன்னா நாளையிலிருந்து வரவேண்டாமுங்க” என்றார் மாநகராட்சி சூப்பர்வைசர் நல்லான். கொங்குக்காரர்கள் வேலையைப் பிடுங்கினாலும் மரியாதையாகத்தான் பிடுங்குவார்கள்.

சுடலை போன வாரம்தான் மூன்று அறைகளையும் சுத்தமாக வழித்திருந்தான். கொக்கியை மாட்டி மூடிகளை அவசரமாகக் கழற்றி எட்டிப் பார்த்தான். முதல் அறையில் மண். இரண்டாவதில் கொஞ்சம் வண்டல், மேலே எண்ணெய்ப் படலம். அதெல்லாம் வழக்கம்தான். தண்ணீர் வெளியேறுகிற மூன்றாம் அறையில்தான் குழாய் வாய்வரை கருநீலச் சேறு. மழை கொண்டுவந்திருந்தால் முதல் அறையில் அல்லவா படிந்திருக்கும்?

“சார், இது மேலருந்து கொட்டுனது. சாயப்பட்டறைக் கழிவு. எவனோ மூடியத் தொறந்திருக்கான்” என்று கத்தினான்.

எல்லார் கண்ணும் தெருக்கோடியில் இருந்த ஈஸ்வரமூர்த்தியின் சாயப்பட்டறைக்குப் போயிற்று. சுடலைக்கும் அவர்மேல் ரொம்ப நாளாகச் சந்தேகம்தான். மாட்டிக்கொண்டார் என்று உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. புகார் சொல்ல நல்லான் செல்போனை எடுத்தார்.

சுடலை மூடியைத் திரும்ப வைக்கக் குனிந்தான். பனியன் கம்பெனி வேன் ஏறும்போது மூடி சத்தம் போடாமலிருக்க, விளிம்பில் வெள்ளை பனியன் வேஸ்ட் துணியை அடைத்து வைப்பது அவன் பழக்கம். மூன்றாம் மூடியின் விளிம்பில் மெரூன் கலர் பனியன் துணி அடைத்திருந்தது.

சுடலையின் மனைவி நதியா போன வாரம் தான் வேலை செய்யும் பனியன் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை மெரூன் வேஸ்ட் கொண்டுவந்திருந்தாள். அவள் தம்பி அருண்பாண்டி படுக்கிற கட்டிலுக்கு அடியில்தான் அந்த மூட்டை கிடந்தது. மூடி திறக்கும் கொக்கி எப்போதும் அதே வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் தொங்கும். அருண்பாண்டிக்கு வேலையோ ஈஸ்வரமூர்த்தி பட்டறையில். மூடிக்குத் துணி அடைக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் சுடலைதான். பாவி, திருட்டுத்தனம் செய்தவன் அதையும் மறக்காமல் ஒழுங்காகச் செய்திருக்கிறான்.

சுடலை துணியைச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

“ஏனுங்க, கொக்கி யாருகிட்ட இருக்குதுங்க?” நல்லான் கேட்டார்.

“எங்கிட்டதான் சார்.”

“வேற ஆரும் எடுக்க மாட்டாங்களா?”

சுடலை திரும்பிப் பார்த்தான். விடிந்ததிலிருந்து வீட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த அருண்பாண்டி, வாளியோடு வாசலில் அப்படியே நின்றிருந்தான். அவன் கண் சுடலையின் சட்டைப்பையில் இருந்தது. துணியின் ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சுடலை அதை உள்ளே தள்ளினான்.

“யாரும் எடுக்க மாட்டாங்க சார். நாளையிலருந்து நான் வரல” என்று சொல்லிவிட்டு, கொக்கியை நல்லானிடம் நீட்டினான்.