உங்களுடையதை வைத்துக்கொள்ளவா?

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'சர்வர்'. மருந்து மொத்த விற்பனைக் கம்பெனியின் கணினி சர்வரைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் வந்த பெயர். முன்பொரு காலத்தில் அவருடைய சித்தி, பெண் வீட்டாரிடம் "எங்க பையன் சர்வரா இருக்கான்" என்று பெருமையாகச் சொல்லிவைத்தாள். அவர்கள் "எந்த ஹோட்டல்ல?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். சித்தி விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் கார் தெருமுனையைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் விஷயமாக யாரும் வந்து உட்காரவுமில்லை, எழுந்து போகவுமில்லை.

சர்வர் அறை இரண்டாம் மாடியின் கோடியில் இருந்தது. இயந்திரத்துக்கு வியர்க்கக்கூடாது என்று வருடம் முழுக்க ஏசி ஓடும். மனிதன் நடுங்குவது பற்றி விதிமுறை எதுவும் இல்லாததால் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார். இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது. மற்றது நான்கு வருடத்துக்கு முன் வேறு கம்பெனிக்குப் போய்விட்ட அக்காவுடையது. கூடப் பிறந்த அக்கா அல்ல. இரண்டு வயது மூத்த சக ஊழியர். "அடிக்கடி பேசிக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு இவர் வாட்ஸப்பில் அனுப்பிய கடைசிச் செய்தியின் கீழே இரண்டு நீல டிக்குகள் மட்டும், பதிலில்லாமல், ஏழு மாதமாக நிற்கின்றன.

ஆனால் அக்கா ஒரு கோப்பை விட்டுப் போயிருந்தார். லேபிள் அச்சடிக்கும் மென்பொருளுக்கான அமைப்புக் கோப்பு. அதில் # குறி போட்டுத் தொடங்கும் வரிகளை இயந்திரம் படிக்காது. அவை மனிதர்களுக்கானவை. அக்கா அங்கேதான் பேசினார்.

# தம்பி, அடுத்த வரியைத் தொடாதே. தொட்டால் லேபிள் மெஷின் அழும்.

# இது எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கும் தெரியாது. வெளியில சொல்லிடாதே.

# சாப்பிட்டியா? போய்ச் சாப்பிட்டு வா. இந்தத் தப்பு எங்கேயும் ஓடிப்போகாது.

தினமும் ஒருமுறை, சரிபார்ப்பதாகத் தனக்கே சொல்லிக்கொண்டு, அந்தக் கோப்பைத் திறப்பார். அந்தக் கட்டடத்தில் அவரைச் சாப்பிட்டியா என்று கேட்கும் இடம் அது ஒன்றுதான். நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயும் பார்த்தார். வேலை செய்யாத கோப்பில் அந்த வரிகளுக்கு வேலை இல்லை.

இந்த நிலையில் கம்பெனிக்கு மாற்றத் துறைத் தலைவர் ஒருவர் வந்து சேர்ந்தார். எதை மாற்றுவது என்று அவருடைய கார்டில் போடவில்லை. வாக்கியத்துக்கு ஒரு தடவை "அடுத்த கட்டம்" என்பார் என்பதால் அதுவே அவர் பெயராயிற்று.

"சர்வர் எந்த வெர்ஷன்ல ஓடுது?"

"பதினொண்ணு சார்."

"வெளியில?"

"பதிமூணு வந்திருக்கு."

"அப்ப நாம ரெண்டு பின்னாடி!" மகனின் மதிப்பெண் அட்டையைப் பார்த்தது போல அதிர்ந்தார்.

"பின்னாடின்னு இல்ல சார். இதுக்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தம் வந்துட்டுதான் இருக்கு. இருக்கிற வீட்டுலயே ஓட்டையை அடைச்சா போதும். பதிமூணுல நம்ம லேபிள் மென்பொருள் ஓடாது. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடணும்."

"புதுப்பிப்பீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க."

"புதுப்பிக்கிறேன் சார். இதே பதினொண்ணுக்குள்ளயே."

அடுத்த கட்டம் முதல் சொல்லோடு காதை மூடிக்கொண்டுவிட்டார். ஓட்டை அடைப்பதற்கும் வீடு மாறுவதற்கும் 'புதுப்பித்தல்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் தமிழுக்கு சர்வர் மனதுக்குள் நன்றி சொன்னார். அக்காவின் கோப்பு தப்பித்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வேலையைத் தொடங்கினார். அடுத்த கட்டம் போட்டோகிராபரோடு வந்து நின்றார்.

"கடைசி பட்டனை நான் அழுத்தணும்."

அப்படியொரு பட்டன் இல்லை என்று சொல்ல சர்வர் வாயெடுத்தபோது திரையில் கேள்வி வந்து நின்றது. இந்தக் கோப்பில் நீங்கள் மாற்றம் செய்திருக்கிறீர்கள். உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, நாங்கள் அனுப்பியதைப் போடவா? அக்காவின் கோப்பு. பழையதற்கு N, புதியதற்கு Y.

"சும்மா என்டர் தட்டுங்க சார். பழசே இருக்கும்."

"பழசு எதுக்கு? Y-ன்னா ஆமாம்தானே?"

"ஆமாம், ஆனா சார்..."

"ஆமாம்னு சொல்லியே இந்த இடத்துக்கு வந்தவன்யா நான்." அழுத்தினார். போட்டோ எடுத்தார்கள். போய்விட்டார்கள்.

சர்வர் கோப்பைத் திறந்தார். நானூறு வரிகள், சுத்தமாக, அவரை ஒருநாளும் பார்த்திராதவர்கள் எழுதியவை. தம்பி என்ற சொல் எங்கும் இல்லை. கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன் அடித்தது. கிடங்கில் பெட்டி கட்டும் பெண்.

"அண்ணே, லேபிள்ல மருந்து பேரெல்லாம் கட்டம் கட்டமா வருது. காய்ச்சலுக்கா, கண்ணுக்கான்னே தெரியல."

"அழுதுடுச்சா?"

"என்னது?"

"ஒண்ணுமில்லம்மா. மெஷினை நிறுத்தி வை. பத்து நிமிஷம்."

இயந்திரம் மனிதர்களை விடக் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. வெளியேற்றிய கோப்பைத் தூக்கி எறியாமல், பெயரின் வாலில் 'old' என்று கட்டி அதே அடுக்கில் உட்கார வைத்திருந்தது. சர்வர் வாலை அறுத்துப் பழைய பெயரைக் கொடுத்தார். ஓட்டைகள் அடைபட்டிருந்தன, வீடும் அதே வீடாக இருந்தது. லேபிள் மென்பொருளை நிறுத்தி மறுபடி தொடங்கினார்.

"வந்துடுச்சுண்ணே! பளிச்சுனு இருக்கு. நீங்க புதுசா?"

"பதினேழு வருஷமா."

"அப்படியா? நம்பர் பக்கத்துல சர்வர்னு போட்டிருந்துச்சு. கேன்டீன்னு நெனச்சு இத்தனை நாள் கூப்பிடவே இல்ல. இன்னைக்கு சூப்பர்வைசர் சொல்லித்தான் அடிச்சேன்."

அவள் வைத்துவிட்டாள். மேசைக் கணினியில் அடுத்த கட்டத்தின் கடிதம் போட்டோவோடு எல்லோருக்கும் வந்திருந்தது: சர்வர் பதின்மூன்றுக்கு மாறிவிட்டது. போட்டோவில் அவருடைய விரலும் இவருடைய ஸ்வெட்டர் கையும் தெரிந்தன.

சர்வர் கோப்புக்குத் திரும்பினார். தொடாதே என்று அக்கா சொன்ன வரியைத் தொடாமல், அதற்குக் கீழே ஒரு # போட்டு எழுதினார்.

# இன்னைக்கு அழுதுடுச்சு அக்கா. நான் தொடல.

சேமித்தார். இயந்திரம் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப்போனது. அவர் இன்னும் ஒரு வரி சேர்த்தார்.

# இனிமேதான் சாப்பிடணும்.