மஞ்சள் கோடு போட்ட கட்டை

கட்டையைக் காணவில்லை.

கலைவாணி ஸ்கூட்டிக்கு ஸ்டாண்ட் போடக்கூட மறந்து சுவரையே பார்த்தாள். காலையில் கிளம்பும்போது அந்தச் சுவரோரம் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு சமர்த்தாகப் படுத்திருந்தது. இப்போது சாக்கு மட்டும் கிடந்தது.

"மெரின், கட்டை போச்சுடி!"

பின்சீட்டிலிருந்து இறங்கிய மெரின் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கலைவாணியோடு ஆராய்ச்சி செய்பவள். எதற்கும் பதறாதவள்.

"யாராவது அடுப்பெரிக்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

"முத்தியால்பேட்டையில யாருடி விறகு எரிக்கிறா? எல்லார் வீட்லயும் கேஸ்!"

தெருவுக்கு அது வெறும் சவுக்குக் கட்டை. கலைவாணிக்கு அதுதான் டாக்டர் பட்டம்.

தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம், கடலோரத் தோப்பில், ஒரு புயல் சாய்த்துவிட்டுப் போன மரம் அது. விழவில்லை. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டது. எப்படி நிமிர்ந்தது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மரத்துக்குள் செல்லுலோஸ் இழைகள் சுருள் படிக்கட்டு மாதிரி சாய்வாகச் சுற்றிக்கொண்டு ஓடும். சாய்ந்த மரத்தின் மேல்பக்கத்தில் மட்டும் அந்தச் சாய்வு இல்லாமல், இழைகள் நேராக நின்று, கயிறு மாதிரி மரத்தை இழுத்துப் பிடிக்கும். இது கலைவாணியின் கட்சி. கட்சியை நிரூபிக்க எக்ஸ்ரே வேண்டும்.

எக்ஸ்ரே கருவி ஊருக்கு வடக்கே ஈ.சி.ஆர். ஓரத்து ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அதைக் காத்து வந்த அருள்பிரகாஷ் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். "மூணு மணிக்கு சாம்பிள் உள்ள இருக்கணும் மேடம். நாளைக்கு மெஷின் சர்வீஸுக்குப் போகுது. விட்டா பொங்கல் கழிச்சுத்தான்."

அவள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் பொங்கலுக்கு முன்பே வந்துவிடும். வேறு கட்டை எடுக்கலாம் என்றால், அந்த மரத்தின் மிச்சமெல்லாம் ஒரு டீக்கடை அடுப்பில் எரிந்து முடிந்திருந்தது. வேண்டியதென்னவோ தீக்குச்சி அளவு சிம்புதான். கடைசி நேரத்தில் வெட்டினால்தான் ஈரம் மாறாமல் இருக்கும் என்று விட்டுவைத்தது தப்பாகப் போயிற்று.

அப்போதுதான் நாதஸ்வரம் கேட்டது.

சத்தம் வீட்டின் வடகிழக்கு மூலையிலிருந்து வந்தது. கலைவாணி ஓடினாள். திருப்பத்தில் நின்றாள். மெரின் அவள் முதுகில் மோதி நின்றாள்.

கட்டை நின்றுகொண்டிருந்தது. குழியில் நட்டு, பால் ஊற்றி, உச்சியில் மாவிலைக் கொத்தும் நவதானிய முடிச்சும் கட்டி, மஞ்சள் பூசி, மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா கலை!" கீழ் வீட்டுச் செல்வாம்பாள் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரம்மா. மகள் துர்காவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். "உன்னை நினைச்சு காலையிலேர்ந்து அழுதுட்டே இருக்கேம்மா."

"எ... எதுக்கும்மா?"

"மாடியில வாடகைக்கு இருக்கிற பொண்ணு. ஒட்டா, உறவா? துர்கா கல்யாணத்துக்குன்னு எங்கேருந்தோ பந்தக்கால் கொண்டாந்து, ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தி, மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வச்சு, ஒருத்தரையும் செருப்புக் காலோட தாண்ட விடாம... கூடப் பொறந்தவ செய்வாளா இதை? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியா நீ? இன்னிக்கு முகூர்த்தம் நல்லாருக்குன்னு நானே எடுத்து நட்டுட்டேன்!"

கலைவாணி கட்டையைப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றியது கட்டை காயாமல் இருக்க. மஞ்சள், மேல்பக்கத்துக்குப் போட்ட பெயிண்ட் கோடு. சிவப்புப் பொட்டு கீழ்ப்பக்கத்தின் அடையாளம். செருப்பு மணல் கட்டையில் ஒட்டினால் ரம்பத்தின் பல் போய்விடும். அவ்வளவுதான்!

அவள் வாயைத் திறந்தாள். உண்மை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. செல்வாம்பாளின் கண்ணீர் கன்னத்தைத் தாண்டித் தாடையில் தொங்கியது. உண்மை அதைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் போய்விட்டது.

"உங்களுக்குச் செய்யாம யாருக்கும்மா செய்யப் போறேன்," என்றாள் கலைவாணி.

மெரின் அவள் காலை மிதித்தாள்.

"சரி, அதுலேர்ந்து ஒரு சின்ன சிம்பு மட்டும்..."

"தொடாதே!"

குரல் பந்தக்காலுக்குப் பின்னாலிருந்து வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரிய மீசை உட்கார்ந்திருந்தது. மீசைக்குப் பின்னால் கண்ணையன். மாப்பிள்ளையின் தாய்மாமன். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர்.

"நட்ட கால்ல இரும்பு படக் கூடாது. கல்யாணம் முடியற வரைக்கும் நான் இங்கதான் காவல்."

மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது.

மாடிப்படியின் கீழே அவசரக் கூட்டம் நடந்தது. "நீ அந்தாளைப் பேச்சுல இழு. நான் உளியால ஒரு தட்டுத் தட்டிடறேன்," என்றாள் கலைவாணி.

"என்னடி பேசறது?"

"கான்வென்ட்ல பிரெஞ்சு படிச்சல்ல? அவுத்து விடு!"

மெரின் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். "பொன்ழூர், முசியே!"

மீசை மலர்ந்தது. "ஓலாலா! பொன்ழூர், மாத்மொசேல்! உக்காரு உக்காரு. நான் ஆப்பிரிக்காவுல, ஜிபுத்தியில இருந்தப்ப ஒருநாள் என்னாச்சுன்னா..."

கலைவாணி வெற்றிலைத் தட்டைக் கையில் ஏந்தி, பக்தியோடு பந்தக்காலைச் சுற்றினாள். வெற்றிலைக்கு அடியில் உளி. ஒரு சுற்று. ஜிபுத்தியில் வெயில் ஏறியது. இரண்டாவது சுற்று. ஜிபுத்தியில் ஒட்டகம் ஒன்று கண்ணையனின் தொப்பியைத் தின்றது. மூன்றாவது சுற்றில் மஞ்சள் கோட்டுக்கு நேராக நின்று உளியை மெல்ல உருவினாள்.

"அந்தத் தொப்பியை நான் விடல," என்ற கண்ணையன், திரும்பிப் பார்க்காமலே அதே குரலில் சொன்னார். "உளியைத் தட்டுலயே வச்சிடும்மா."

"கலை!" செல்வாம்பாள் வாசற்படியில் நின்றாள். "பந்தக்கால்ல உளியா?"

எல்லாக் கண்களும் அவள் மேல். ஸ்பீக்கர் கூட சார்ஜ் தீர்ந்து அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

"அது வந்து... எங்க ஊர் வழக்கம்மா!" என்றாள் கலைவாணி.

"என்ன வழக்கம்?"

"தவளக்குப்பம் பக்கம் கால் நட்டா, அக்கா முறைக்காரி மேல்பக்கத்துலேர்ந்து ஒரு சிம்பு எடுக்கணும்."

"எடுத்து?"

"வடக்கால கொண்டுபோயி..."

"கொண்டுபோயி?"

"வெளிச்சத்துல காட்டணும்."

அந்தப் பொய்யிலேயே அது ஒன்றுதான் உண்மை. எக்ஸ்ரேயும் வெளிச்சத்தில் ஒரு வகைதானே!

"காட்டினா?" இது கண்ணையன். நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் ஒத்துமையா இருப்பாங்களான்னு தெரிஞ்சுடும்."

மெரின் இந்தத் தடவை காலை மிதிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள்.

செல்வாம்பாளின் கண் மறுபடி நிறைந்தது. "அக்கா முறைன்னு நீயே சொல்லிட்டியே! இரும்பு பட்டா படட்டும் சம்பந்தி. அவ ஊரு வழக்கம், அவ கொண்டாந்த கால். எடு கலை!"

உளி ஒரு தட்டு. தீக்குச்சி அளவு சிம்பு ஒன்று மஞ்சள் கோட்டுக்கு அடியிலிருந்து கலைவாணியின் டப்பிக்குள் விழுந்தது. ஸ்கூட்டிக்கு ஓடினாள்.

"நில்லு," என்றார் கண்ணையன். "நீ பொண்ணு வீடு. நீயே பார்த்துட்டு நீயே நல்லாருக்குன்னு சொன்னா ஆச்சா? மாப்பிள்ளை வீட்டு சார்புல நான் வரேன்."

"அப்ப நானும் வரேன்," என்றாள் செல்வாம்பாள்.

"ஆரத்தித் தட்டு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

டெம்போ ஒன்று வாசலில் தயாராக நின்றது. பந்தல் சாமான் இறக்க வந்த டெம்போ.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்த அருள்பிரகாஷ், பட்டுப்புடவைகளையும் ஒரு மீசையையும் பார்த்துவிட்டு மறுபடி சாத்தினார். பிறகு பாதி திறந்தார்.

"மேடம், சாம்பிள் எங்க? இவங்கல்லாம் யாரு?"

"சாம்பிளோட சொந்தக்காரங்க சார்."

உள்ளே சுவரில் எழுதியிருந்தது: காலணிகளைக் கழற்றிவிட்டு வரவும். பேசக் கூடாது. கருவியைத் தொடக் கூடாது.

"கோயில் மாதிரியே இருக்குதே," என்று செல்வாம்பாள் செருப்பைக் கழற்றினாள்.

அதற்குப் பிறகு நடந்தது வெறும் அமளி. செல்வாம்பாள் கற்பூரத்தை எடுக்க, "ஃபயர் அலாரம் அடிச்சிடும்மா!" என்று அருள்பிரகாஷ் அலறினார். யாரோ ஒரு சித்தி சிம்புக்கு மஞ்சள் வைக்க விரலை நீட்ட, "மஞ்சள் பட்டா அதோட புள்ளியும் படத்துல வந்துடும்!" என்று கலைவாணி பாய்ந்து டப்பியைக் காத்தாள். கடைசியில் கருவியின் மூடிக்குச் சந்தனப் பொட்டு வைப்பதென்று சமரசம் ஆனது. அருள்பிரகாஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மொத்தக் கூட்டமும் கையெடுத்துக் கும்பிட்டது.

கலைவாணி திரையைப் பார்த்தாள். இழைகள் சாய்ந்திருந்தால் வெளிச்சம் பிறை மாதிரி விரியும். நேராக நின்றால் விரியாது. இரண்டு பக்கமும் கூர்மையாக ஒவ்வொரு புள்ளி. அவ்வளவுதான். பிறை வந்தால் அவள் கட்சி தோற்றது. பட்டம் போனது.

திரை கறுப்பாகவே இருந்தது.

மெல்ல, இடது பக்கம் ஒரு புள்ளி முளைத்தது. வலது பக்கம் இன்னொன்று. விரியவில்லை. மங்கவில்லை. நறுக்கென்று இரண்டு பொட்டு.

"அய்யோ! ரெண்டு பேரும் வந்துட்டாங்க!" செல்வாம்பாள் கத்தினாள். "இது எங்க துர்கா! அது மாப்பிள்ளை!"

"ஒரே உயரம், ஒரே கனம்," கண்ணையன் கண்ணாடியைத் தூக்கி ஆராய்ந்தார். "எங்க பையன் கொஞ்சம் மங்கலா தெரியறானோ?"

"ரெண்டும் சமம்தான் மாமா!" கலைவாணி தேம்பித் தேம்பி அழுதாள். பட்டம் கிடைத்துவிட்ட அழுகை அது.

"பார்த்தீங்களா சம்பந்தி, எப்படி உருகறா!" செல்வாம்பாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "கூடப் பொறந்தவளேதான்."

துர்காவின் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. ஆய்வேடும் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. தை பிறந்து, சர்வீஸுக்குப் போன கருவியும் திரும்பி வந்தது. முதல் முகூர்த்தத்துக்கு முன்தினம் போன் அடித்தது. அருள்பிரகாஷ்.

"மேடம், என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? வாசல்ல குடும்பம் குடும்பமா நிக்கிறாங்க. எல்லார் கையிலயும் சிம்பு. வைத்திக்குப்பத்துலேர்ந்து ஒருத்தர் மீன் கூடையில வச்சுக் கொண்டாந்திருக்கார். இன்னொருத்தர் வீட்டுல இரும்பு பைப்புதான் நட்டாங்களாம், அதைச் சுரண்டி எடுத்துட்டு வந்திருக்கார்!"

"ஸாரி சார். திருப்பி அனுப்பிடுங்க."

மறுமுனையில் ஒரு கனைப்பு. குரல் இறங்கியது.

"இல்ல மேடம்... எங்க தங்கச்சி ஸ்டெல்லாமேரிக்கு அடுத்த வாரம் கல்யாணம். பந்தல் போடற இடத்துல நேத்துதான் எங்க வீட்லயும் கால் நட்டோம். எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கிடையாது. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப சும்மா வச்சுப் பார்த்தேன்."

"என்ன வந்துச்சு?"

"பிறை மேடம்." அவர் குரல் நடுங்கியது. "நல்லா விரிஞ்ச பிறை."

கலைவாணி கண்ணை மூடிக்கொண்டாள். உண்மை மறுபடி தொண்டை வரைக்கும் வந்து எட்டிப்பார்த்தது.

"சாய்ஞ்சு வளர்ந்த மரமா சார் அது?"

"தெரியலயே. கடையில வாங்கினது."

"அதான் சார் விஷயம். சாய்ஞ்சு நிமிர்ந்த மரமா இருக்கணும். அதுலயும் மேல்பக்கத்துலேர்ந்து எடுக்கணும்," என்றாள் கலைவாணி. "எங்க ஊர் வழக்கம் அப்படி."